ஒரு சிறு டச்சு நகரின் வீட்டிருப்பை வாசிப்பது எப்படி? எங்க்ஹாய்சனை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

நெதர்லாந்தின் வட ஹாலந்து மாகாணத்தில், ஐசல்மேர் ஏரியின் கரையில், ஏறத்தாழ 19,000 பேர் வாழும் எங்க்ஹாய்சன் என்றொரு பழைய துறைமுக நகரம் இருக்கிறது. அதன் கடைத்தெருவான வெஸ்டர்ஸ்த்ராட்டில் நடந்தால், குறுகலான செங்கல் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைக் காணலாம். தரைத்தளத்தில் கடை, அதற்கு மேல் ஓரிரு தளங்கள், உச்சியில் செங்குத்தான ஓட்டுக் கூரை என்பதே அவற்றில் பலவற்றின் அமைப்பு. அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தின் முன் நின்று, ‘இது எத்தனை வீடு?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று என்றும் சொல்லலாம், இரண்டு என்றும் சொல்லலாம், வீடே இல்லை என்றும் சொல்லலாம். அரசுக் கணக்கு இவற்றுள் எதைச் சொல்லும் என்பதை அறிந்துகொண்டால், ஒரு நகரின் ‘வீட்டிருப்பு’ என்ற கருத்தின் பாதி விளங்கிவிடும்.

டச்சு மொழியில் இதற்கு ‘வோனிங்வோர்ராட்’ என்று பெயர். ‘வோர்ராட்’ என்பது கடையில் சரக்கு இருப்பைச் சொல்லும் அதே சொல். குறிப்பிட்ட ஒரு நாளில், வழக்கமாக ஜனவரி 1 அன்று, ஓர் ஊரில் குடியிருக்கத் தக்கவையாகப் பதிவாகியுள்ள வீடுகளின் மொத்தமே அந்த ஊரின் வீட்டிருப்பு. அது குடும்பங்களின் எண்ணிக்கை அன்று. கட்டடங்களின் எண்ணிக்கையும் அன்று. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடும் இதில் சேரும். நாடு முழுவதற்கும் இந்த இருப்பு இப்போது 80 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்படுபவை அதில் நூற்றில் ஒன்றைக்கூட எட்டுவதில்லை. ஆகவே, இன்று ஒருவர் வாடகைக்கு எடுக்கவோ வாங்கவோ போகும் வீடு எப்படிப்பட்டது என்பதைப் பெரும்பாலும் அவருடைய பாட்டன் காலத்தவரும் அதற்கு முற்பட்டவர்களுமே தீர்மானித்துவிட்டார்கள்.

கட்டடம் வேறு, வீடு வேறு

எண்ணும் வேலை முகவரிகளுக்கும் கட்டடங்களுக்குமான அடிப்படைப் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறது. டச்சுக்காரர்கள் அதைச் சுருக்கமாக ‘பாக்’ என்பார்கள். ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் இருக்கும் கட்டடங்களை அதில் பதிகிறது. நில அளவை மற்றும் உரிமைப் பதிவுத் துறையான கடாஸ்டர் நாடு முழுவதற்குமாக அதைத் தொகுத்து வைத்திருக்கிறது. வரைபட வடிவில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் திறந்து பார்க்கலாம். ஒரு கட்டடத்தைச் சொடுக்கினால் அது கட்டப்பட்ட ஆண்டு, பயன்பாட்டு வகை, பரப்பு, பதிவு நிலை ஆகியவை தெரியும். உரிமையாளர் பெயர் அதில் இராது. அது கடாஸ்டரின் வேறொரு பதிவேட்டில், கட்டணத்துக்கு உட்பட்டது.

இந்தப் பதிவேடு இரண்டு பொருள்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒன்று ‘பண்ட்’, அதாவது தனித்து நிற்கக்கூடிய கட்டடம். மற்றொன்று அதற்குள் இருக்கும் பயன்பாட்டு அலகு. வெளியிலிருந்தோ பொதுவான ஒரு நடையிலிருந்தோ நுழையத் தக்கதாய், தனக்கென்று பூட்டக்கூடிய வாசல் கொண்ட இடம் அது. இருபத்து நான்கு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககம் ஒரே பண்ட், ஆனால் இருபத்து நான்கு அலகுகள். ஒரே வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டிய எட்டு வீடுகளோ எட்டுப் பண்ட், எட்டு அலகு. வீட்டிருப்பு என்று மத்தியப் புள்ளியியல் அலுவலகம் எண்ணுவது, குடியிருப்புப் பயன்பாடு பதிவாகியுள்ள அலகுகளையே.

இப்போது வெஸ்டர்ஸ்த்ராட் கட்டடத்துக்குத் திரும்புவோம். அதன் முகப்பில் கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இன்னொரு குறுகிய கதவு, தனி அஞ்சல் துளை, எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து சேர்ந்த தனி முகவரி ஆகியவை இருந்தால், அது ஒரு பண்ட், இரண்டு அலகு. கீழே கடை, மேலே ஒரு வீடு. அந்த இரண்டாவது கதவு இல்லாமல், கடைக்குள் புகுந்துதான் மாடிக்கு ஏற முடியும் என்றால், முழுவதும் ஒரே அலகு. கடைக்காரர் மேலே குடியிருந்து, கடைப் பயன்பாட்டோடு குடியிருப்புப் பயன்பாடும் பதிவாகியிருந்தால் அது ஒரு வீடாக எண்ணப்படும். மாடி வெறும் சரக்கறையாக இருந்தால் கணக்கில் வீடே இல்லை. ஆக, வாசலில் ஒரு கதவு இருக்கிறதா இல்லையா என்பதே புள்ளிவிவரத்தை மாற்றிவிடுகிறது.

கணக்குக்கு வெளியே நிற்பவையும் உண்டு. துறைமுகத்திலோ கால்வாயிலோ கட்டியிருக்கும் படகு வீட்டில் ஒருவர் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தாலும், பதிவேட்டில் அது ‘படகு நிறுத்துமிடம்’ என்றே இருக்கும், வீட்டிருப்பில் சேராது. சக்கர வண்டி வீடுகளுக்கு இருப்பது போன்ற நிலம் சார்ந்த நிறுத்துமிடங்களும் அப்படியே. விடுமுறைக் குடில்கள் தங்கல் பயன்பாடு என்று பதிவாவதால் அவையும் விலகிவிடும். ஏரிக்கரை நகரங்களில் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுக் கண்ணில் படும் கூரைகளையெல்லாம் எண்ணினால் தொகை தவறும்.

‘பல குடும்ப வீடு’ என்றால் கோபுரம் அன்று

மத்தியப் புள்ளியியல் அலுவலகத்தின் பகுதிவாரிப் பட்டியல்களில் வீடுகள் இரண்டு பெரும் வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டடம் முழுவதுமே ஒரு வீடு என்றால் அது ஒற்றைக் குடும்ப வீடு. வேறு வீடுகளோடோ வணிக இடத்தோடோ ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டால் அது பல குடும்ப வீடு. இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் வழுக்கி விழுவார்கள். பழைய நகர்மையத்தில் பல குடும்ப வீடுகளின் விகிதம் கூடுதலாக இருப்பதைக் கண்டு, அங்கே மின்தூக்கி வைத்த அடுக்குமாடிகள் நிற்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. கடைக்கு மேல் ஒரே ஒரு குடும்பம் வசிக்கும் முந்நூறு ஆண்டுப் பழமையான கட்டடத்தின் மாடியும் இந்தப் பெயரில்தான் வரும். பெயர் சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் விளக்கக் குறிப்பைப் படித்தவருக்கு அது தொல்லை தராது.

நாட்டின் வீடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவை ஒற்றைக் குடும்ப வீடுகள். பெருநகரங்களில் இந்த விகிதம் சரியும், சிறு நகரங்களில் ஏறும். அவற்றுக்குள்ளும் படிநிலை உண்டு. நாற்புறமும் நிலம் சூழத் தனித்து நிற்பவை விலையில் உச்சம். அடுத்தது, ‘ஒரே கூரையின் கீழ் இரண்டு’ என்று பொருள்படும் பெயர் கொண்ட இரட்டை வீடுகள். அதற்கடுத்து வரிசை வீடுகள். அந்த வரிசையின் முனை வீட்டுக்குப் பக்கவாட்டிலும் சிறிது தோட்டமும் வெளிச்சமும் கிடைப்பதால், நடு வீட்டைவிட அதற்கு மதிப்பு கூடுதல்.

டச்சுக்காரரின் சராசரி வாழ்க்கை நடப்பது ‘ரெய்ட்யஸ்ஹாய்ஸ்’ எனப்படும் வரிசை வீட்டில்தான் என்பதால், அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. அகலம் பெரும்பாலும் ஐந்து முதல் ஆறு மீட்டருக்குள் அடங்கும். முன்கதவைத் திறந்தால் சிறு நடை. அங்கேயே மின்சாரம், எரிவாயு, தண்ணீர் அளவிகள் அடங்கிய அலமாரி, ஒரு கழிவறை, செங்குத்தான மாடிப்படி. உள்ளே சென்றால் தெருப் பக்கச் சன்னலிலிருந்து பின்தோட்டச் சன்னல் வரை தடையின்றி நீளும் ஒரே கூடம். காலை வெயில் ஒரு பக்கமும் மாலை வெயில் மறுபக்கமும் நுழைவதால், போருக்குப் பிந்தைய இந்த வகைக்கு ‘வெயில் ஊடுருவும் வீடு’ என்றே பொருள்படும் ‘டோர்ஸொன்வோனிங்’ என்ற பெயர் வந்தது. மாடியில் மூன்று படுக்கையறைகள், ஒரு குளியலறை. அதற்கும் மேல் கூரைச் சரிவுக்குள் பரண், அதில் பல வீடுகளில் வெந்நீர்க் கொதிகலனும் துணி துவைக்கும் இயந்திரமும். பின்தோட்டத்தின் கடைசியில் மிதிவண்டிக்கு ஒரு கொட்டகை, அதற்குப் பின்னால் பொதுச் சந்து.

பரப்பளவு என்ற பத்தியை (நெடுவரிசையை) படிக்கும்போது அந்தப் பரண் நினைவில் இருக்க வேண்டும். பதிவாவது பயன்பாட்டுப் பரப்பு, அதாவது வெளிச்சுவர்களின் உட்புறத்திலிருந்து அளக்கப்படும் தளப்பரப்பு. கூரை சரிந்து உயரம் ஒன்றரை மீட்டருக்குக் கீழே போகும் இடம் அதில் சேராது. எனவே, தரையில் பாய் விரித்தால் பெரிதாகத் தெரியும் பரண், தாளில் பாதியாகச் சுருங்கிவிடக்கூடும்.

கட்டிய ஆண்டு என்ற பத்தி

ஒரு டச்சு நகரின் வீட்டுப் புள்ளிவிவரங்களில் ஒரே ஒரு பத்தியைத்தான் பார்க்கலாம் என்று யாராவது நிபந்தனை விதித்தால், நான் கட்டிய ஆண்டைத்தான் கேட்பேன். சுவரின் தடிமன், வெப்பக் காப்பு, அடித்தளத்தின் வகை, அறை அமைப்பு, தெருவின் அகலம், சில வேளைகளில் உரிமையின் தன்மை ஆகிய அனைத்தையும் அதிலிருந்து ஏறத்தாழ ஊகிக்கலாம். எங்க்ஹாய்சனில் அது நகரின் வரலாறாகவே விரிகிறது.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நகரம் ஹெர்ரிங் மீன்பிடியாலும் கடல் வணிகத்தாலும் செழித்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1602-இல் அமைந்த ஆறு நகர அவைகளில் ஒன்று எங்க்ஹாய்சனுடையது. அப்போது இங்கே ஏறத்தாழ 20,000 பேர் வாழ்ந்தார்கள். நகர எல்லையும் மதிலும் அதற்கேற்ப விரிவாக்கப்பட்டன. பிறகு வணிகம் ஆம்ஸ்டர்டாமுக்கு நகர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள் தொகை கால்வாசி அளவுக்கு வீழ்ந்தது. ஆள் இல்லாத வீடுகள் செங்கல்லுக்காகவும் மரத்துக்காகவும் இடிக்கப்பட்டன. மதிலுக்குள்ளேயே நிலம் வெறுமையாகி, அதில் மாடு மேய்ந்தது. இன்றும் நகரின் பழைய எல்லைக்குள் ‘பூரன்ஹூக்’, அதாவது உழவர் மூலை, என்றொரு பகுதி இருக்கிறது. சதுர அடிமனை மேல் கூம்பாக எழும் கூரைக்குள் வைக்கோல், மாடு, மனிதர் அனைத்தையும் அடக்கிய இவ்வட்டாரமான மேற்கு ஃப்ரீஸ்லாந்தின் பண்ணைவீடுகளை, துறைமுக நகரின் மதிலுக்குள் காண்பது விந்தைதான். வீட்டிருப்பு என்பது கூடிக்கொண்டே போகும் எண் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதியைக் காட்ட வேண்டும்.

1885-இல் தொடர்வண்டி வந்தது. விதை வணிகம் வளர்ந்தது. தொடர்வண்டி வந்த அதே ஆண்டில் மறைந்த ஸ்னூக் ஃபான் லோசன் குடும்பத்தின் கடைசி வாரிசான பெண்மணி விட்டுச்சென்ற செல்வத்திலிருந்து, 1897-இல் தொழிலாளர்களுக்கென்று ஐம்பது வீடுகள் ஒரு பூங்காவுக்குள் கட்டித் தரப்பட்டன. வளைந்த பாதைகளும் மரங்களுமாக இருக்கும் அந்தப் பூங்கா இன்றும் அவருடைய குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1901-இல்தான் வீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டடத் தர விதிகளை வகுக்குமாறு அது நகராட்சிகளைக் கட்டாயப்படுத்தியது. லாப நோக்கமற்ற வீட்டுக் கழகங்களுக்கு அரசுக் கடன் கிடைக்கவும் வழி திறந்தது.

பழைய எல்லைக்கு வெளியே இருப்பவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் வீடுகள். நகரப் பகுதி ஒன்றின் பெயரே ‘பிளான் நோர்ட்’, அதாவது வடக்குத் திட்டம்; திட்ட வரைபடத்தின் தலைப்பு அப்படியே ஊர்ப்பெயராகிவிட்டது. இந்தக் காலத்து வீடுகளைப் பிரித்தறிய மூன்று எல்லைக் கோடுகள் போதும். 1959-இல் நாட்டின் வடகிழக்கிலுள்ள ஸ்லோக்டரனில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் குழாய் வந்துவிட்டதால், அக்காலத்து வீடுகள் எரிபொருள் மலிவு என்ற எண்ணத்தோடு மெல்லிய சன்னல்களும் வெற்றிடம் விட்ட இரட்டைச் சுவர்களுமாகக் கட்டப்பட்டன. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் அந்தச் சுவரிடைவெளியில் காப்புப் பொருள் நிரப்பும் வழக்கம் வந்தது; அதே காலத்தில், நேர்வரிசைகளைத் தவிர்த்து முட்டுச் சந்துகளாகக் கிளைக்கும் குடியிருப்புகள் பெருகின, வான்வழிப் படத்தில் அவை காலிஃபிளவர் போலத் தெரிவதால் அப்பெயரே அவற்றுக்கு நிலைத்தது. மூன்றாவது கோடு 2018 ஜூலை 1. அன்று முதல் அனுமதி கோரும் புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு பொதுவாகக் கிடையாது.

இந்தப் பத்தியும் சில இடங்களில் ஏமாற்றும். பதிவாவது முதலில் கட்டி முடித்த ஆண்டு. உள்ளே முழுவதையும் பெயர்த்துப் புதுப்பித்திருந்தாலும் எண் மாறாது. ஆண்டு தெரியாத கட்டடங்களுக்கு ஏதோ ஓர் எண்ணை இட்டு நிரப்பும் வழக்கமும் இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் அப்படி இடப்பட்ட எண் 1005. அந்த நகரமே பிறவாத காலத்து வீடுகள் நூற்றுக்கணக்கில் அங்கே நிற்பதாக எண்ணி ஒருவர் வியந்தால், தவறு அவருடையது அன்று. இவற்றைவிட எனக்குக் குறையாகப் படுவது, பகுதிவாரி அட்டவணையில் இந்தச் செல்வம் முழுவதையும் பழையவை, புதியவை என்று இரண்டே கட்டங்களில் அடைத்துவிடுவதுதான். 1650-இல் எழுந்த வணிகர் மாளிகையும் 1998-இல் எழுந்த வரிசை வீடும் ஒரே கட்டத்தில் போய் அமர்கின்றன. ஆகவே, அட்டவணையோடு நின்றுவிடாமல் வரைபடத்தையும் திறந்து பார்க்க வேண்டும்.

அடித்தளத்துக்கென்று ஒரு பத்தியே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாட்டின் மேற்குப் பகுதியின் மென்மண்ணில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும் மரத்தூண்களை அடித்து அவற்றின் மேல் வீடு எழுப்பும் முறை பரவலாக இருந்தது. தூண்கள் நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை கெடுவதில்லை. வறட்சியில் நீர்மட்டம் இறங்கித் தலைப்பகுதி காற்றுப் பட்டால் உளுத்துப்போகும். பழைய வீட்டை வாங்குபவர் இதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

யாருடைய வீடு, என்ன மதிப்பு

உரிமை வகையில் நாட்டின் கணக்கு எளியது. நூற்றில் ஏறத்தாழ 57 வீடுகளில் உரிமையாளரே வசிக்கிறார். ஏறத்தாழ 28 வீடுகள் வீட்டுக் கழகங்களுக்கு உரியவை. எஞ்சியவை தனியாரும் நிறுவனங்களும் வாடகைக்கு விடுபவை. கழக வீடு என்றவுடன் அரசு வீடு என்று பொருள் கொள்வது தவறு. கழகங்கள் தனி அமைப்புகள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, வருமான வரம்புக்கு உட்பட்டோருக்கு வீடு தருபவை. வாடகையும் மனம்போல் வைக்கப்படுவதில்லை. பரப்பு, வசதிகள், ஆற்றல் தரம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் இட்டு, கூட்டுத்தொகைக்கு ஏற்ப உச்ச வாடகை வகுக்கப்படுகிறது. 2024 ஜூலை முதல் நடுத்தர வாடகை வீடுகளுக்கும் இந்தப் புள்ளி முறை நீட்டிக்கப்பட்டுள்ளது.

மதிப்பு என்ற பத்தியில் இருப்பது ‘வோஸ்’ மதிப்பு. நகராட்சி ஒவ்வோர் ஆண்டும், முந்தைய ஆண்டின் ஜனவரி 1 நிலவரப்படி, பக்கத்து விற்பனைகளை ஒப்பிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சந்தை மதிப்பை நிர்ணயிக்கிறது. சொத்து வரி, வருமான வரியில் சொந்த வீட்டுக்கான கணக்கு, வாடகைப் புள்ளிகள் ஆகியவற்றுக்கு அதுவே அடிப்படை. 2016 அக்டோபர் முதல் எந்த வீட்டின் மதிப்பையும் எவரும் இணையத்தில் பார்க்கலாம். அண்டை வீட்டாரின் மதிப்பைப் பார்த்துவிட்டுத் தமக்கு அநியாயம் நடந்ததாக எண்ணுபவர், அறிவிப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஆறு வாரங்களுக்குள் ஆட்சேபம் எழுப்பலாம்.

இந்த மதிப்பு ஒரு கற்பனையின் மேல் நிற்கிறது. வீடு எந்த உரிமைத் தடையும் இன்றி, ஆளற்றுக் காலியாக, உடனே கைக்கு வரும் நிலையில் விற்கப்பட்டால் என்ன விலை போகும் என்பதே கேள்வி. உள்ளே இருபது ஆண்டுகளாக ஒரு வாடகைதாரர் இருந்தாலும், நிலம் குத்தகையில் இருந்தாலும், கணக்கு அவற்றைப் பார்க்காது. எனவே, கழக வீடுகள் நிறைந்த ஒரு பகுதியின் சராசரி மதிப்பைப் பார்த்து அங்கே அந்த விலைக்கு வீடு கிடைக்கும் என்று புறப்பட்டால், விற்பனைக்கே ஒன்றும் இராது. எங்க்ஹாய்சன் போன்ற ஊரில் சராசரிக்கு இன்னொரு குறையும் உண்டு. பழைய நகர்மையத்தில் கால்வாய் பார்த்த பாதுகாக்கப்பட்ட மாளிகையும், இரண்டு தெரு தள்ளி முப்பது சதுர மீட்டர் மாடி வீடும் ஒரே சராசரியில் கலந்துவிடுகின்றன. ஒரே சமயத்தில் கட்டப்பட்ட புறநகர் வரிசைகளிலோ, சராசரி உண்மைக்கு மிக அருகில் நிற்கும்.

வீட்டிருப்பு போதுமா என்ற கேள்வியை மக்கள் தொகையை மட்டும் வைத்துக் கேட்க முடியாது. 1960-இல் ஒரு டச்சு வீட்டில் சராசரியாக மூன்றரைப் பேருக்குச் சற்று மேல் இருந்தனர். இப்போது இரண்டுக்குச் சற்று மேல். 19,000 பேருக்கு அன்றைய கணக்கில் ஏறத்தாழ 5,300 வீடுகள் போதும். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 9,000 வேண்டும். ஓர் ஆள்கூடக் கூடாமலே மூவாயிரத்து எழுநூறு வீடுகளுக்குத் தேவை பிறந்துவிடுகிறது. ஊரைச் சுற்றி ஏரியும் விளைநிலமும் இருக்க, புதிதாகக் கட்ட இடம் தேடுவதோடு, கடைகளுக்கு மேல் வெறுமனே கிடக்கும் தளங்களையும் வீடாக்கலாம் என்ற யோசனை டச்சு நகராட்சிகளில் நெடுநாளாக இருக்கிறது. ‘கடைக்கு மேல் குடியிருத்தல்’ என்றே அதற்குப் பெயர். அங்கே முதலில் எழும் சிக்கல், பெரிய காட்சிக் கண்ணாடி வைப்பதற்காக அந்தக் குறுகிய முகப்புகளிலிருந்து முன்பொருமுறை எடுத்துவிட்ட இரண்டாவது கதவையும் அதன் பின்னிருந்த மாடிப்படியையும் மறுபடி எங்கே வைப்பது என்பதுதான்.